அவருக்கு ராகம் வராது

"அண்ணே, இந்தப் பிளக்கக் கொஞ்சம் எடுத்துக்கட்டுமா? ஸ்பீக்கருக்கு வேற இடமே இல்ல."

கேட்டுக்கொண்டே கீபோர்டு வாசிக்கிறவன் குனிந்துவிட்டான். அந்த அறையில் சுவரோரம் இருந்தது ஒரே ஒரு பிளக் பாயிண்ட். அதில் சளி உறிஞ்சும் மிஷினின் ஒயர் செருகியிருந்தது. நேற்றுக் காலை வரைக்கும் ஓடிய மிஷின். கட்டிலை மடக்கி வெளியே கொண்டுபோய்விட்டார்கள். கட்டில் கிடந்த இடத்தில் இப்போது பெட்டி இருந்தது. பெட்டிக்குள் அந்த அண்ணனின் மனைவி இருந்தாள். மிஷினை மட்டும் நகர்த்த யாருக்கும் தோன்றவில்லை.

"இருப்பா, நான் எடுக்கறேன்."

அவர் லிப்ட் மெக்கானிக். ஒயரைத் தொட்டால் கை தானாகவே வேலையைப் பார்க்கும். பிளக்கைப் பிடுங்கி, ஒயரைச் சுருட்டி, முடிச்சு விழாமல் கட்டி, மிஷினைத் தூக்கிக்கொண்டு சமையலறைக்குப் போனார். எங்கே வைப்பது என்று தெரியவில்லை. கொஞ்ச நேரம் கைக்குழந்தையைப் போல அதை ஏந்திக்கொண்டே நின்றார். பிறகு அடுப்புக்குக் கீழே தள்ளிவைத்தார். முன்னறையில் ஸ்பீக்கர் 'உம்ம்' என்று உயிர் பெற்றது.

"மைக் செக். அல்லேலூயா. மைக் செக்."

அவர் பல்லைக் கடித்துக்கொண்டார்.

அவள் சூப்பர் மார்க்கெட்டில் பில் போடுகிறவளாக இருந்தாள். சபையில் பாடகர் குழுவுக்கு முன்னால் நின்று பாடுகிறவளும் அவள்தான். இரண்டு வேலைக்கும் அவளிடம் பெரிய வித்தியாசம் கிடையாது. சாமான் ஒவ்வொன்றாக நகர நகர மிஷின் போடுகிற 'டிக்' சத்தத்தையே தாளமாக வைத்துக்கொண்டு வாய்க்குள் பாடிக்கொண்டிருப்பாள். பக்கத்துக் கவுண்டர் காற்று வாங்கிக்கொண்டிருக்கும். அவள் கவுண்டரில் வரிசை கதவு வரை நிற்கும். "இது கடையா, கோயிலாம்மா?" என்று மேனேஜர் கடிந்துகொண்டபோது, "பாட்ட நிறுத்தினா கணக்குத் தப்பிடும் சார், பரவாயில்லையா?" என்று கேட்டிருக்கிறாள். அதற்குப் பிறகு அவன் அந்தப் பக்கமே வரவில்லை.

அவர் அப்படியில்லை. ஞாயிற்றுக்கிழமை அவளைச் சபை வாசலில் ஸ்கூட்டரில் இறக்கிவிட்டு, எதிர்க்கடையில் டீ குடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். "கயிறு அறுந்துபோகாம இருக்கணும், பிரேக் பிடிக்கணும். இது ரெண்டும் இருந்தா மனுஷன் பத்திரம். மூணாவதா ஒண்ணு வேண்டாம் எனக்கு" என்பார். அவள் சிரிப்பாள். வாதாட மாட்டாள்.

ஒருமுறை லிப்ட் கதவில் அவருடைய விரல் நசுங்கியது. ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியெல்லாம் ரத்தம் ஊறிய துணியைத் தன் மடியில் அழுத்திப் பிடித்துக்கொண்டு அவள் மெதுவாகப் பாடிக்கொண்டே வந்தாள். வழி எனக்குத் தெரியாது, என்னை உமக்குத் தெரியும். சபையில் அவர்கள் பாடுகிற பாட்டு. வலியோடு அவர் எரிந்து விழுந்தார்.

"உனக்குப் பயமே கிடையாதா?"

"பயமாத்தான் இருக்கு. அதனாலதான் பாடறேன். பாட ஆரம்பிச்சேன்னா, தூக்க முடியாத மூட்டைய இன்னொரு ஆள் ஒரு பக்கம் பிடிச்ச மாதிரி இருக்கும். கனம் குறையாது. ஆனா தூக்கிடலாம்."

வீட்டில் காஸ் தீர்ந்தாலும் அந்தப் பாட்டுதான், மகளுக்குக் காய்ச்சல் அடித்தாலும் அந்தப் பாட்டுதான்.

பிறகு அவள் தொண்டையிலேயே கட்டி வந்தது. கட்டியோடு சேர்த்துக் குரலையும் எடுக்கவேண்டும் என்று டாக்டர் சொன்னபோது அவர்தான் நாற்காலியைப் பிடித்துக்கொண்டார். அவள் வாய்க்குள் முனகிக்கொண்டிருந்தாள். அவள் குரலை அவர் கேட்ட கடைசி நாட்கள் அவை.

ஆபரேஷன் முடிந்து வீட்டுக்கு வந்த புதிதில் சபையே திரண்டு வந்தது. கழுத்துத் துளையில் குழாயோடு உட்கார்ந்திருந்தவளைச் சுற்றி நின்று பாடினார்கள், ஜெபித்தார்கள், போனில் படம் பிடித்தார்கள். "நம்ம சிஸ்டர் மறுபடியும் மேடையில நின்னு பாடுவாங்க! விசுவாசிக்கிறவங்க ஆமென் சொல்லுங்க!" என்றார் போதகர். எல்லோரும் சொன்னார்கள். தொண்டையில் குரல்பெட்டியே இல்லை, எங்கிருந்து பாடுவாள் என்று அவர் கேட்கவில்லை. கேட்டிருக்கவேண்டும் என்று பின்னால் பல தடவை நினைத்திருக்கிறார்.

குரல் வரவில்லை. வருகிறவர்கள் குறைந்தார்கள். அற்புதம் நடக்காத வீட்டில் என்ன பாடுவது என்று அவர்களுக்குத் தெரியாமல் போயிருக்கலாம். அவள் விடாமல் ஞாயிறுதோறும் போனாள். கடைசி வரிசையில் உட்கார்ந்து வாயை மட்டும் அசைப்பாள். ஒரு நாள் எல்லோரும் கண்ணை மூடி அமைதியாக இருந்த நேரத்தில் குழாயில் சளி அடைத்து, சீறலும் இருமலுமாக வந்துவிட்டது. ஒழுங்கு பார்க்கிற ஆள் பக்கத்தில் வந்து, மிக மரியாதையாக, "சிஸ்டர், நேரலை போயிட்டிருக்கு. மைக்ல கேக்குது. குழந்தைங்க ரூம்ல உக்காந்துக்கறீங்களா?" என்றார்.

அன்றைக்கு அவள் பாதியிலேயே வாசலுக்கு வந்துவிட்டாள். டீக்கடையில் இருந்து அவர் ஓடிப்போனார். என்ன ஏது என்று அவள் சைகையில் சொன்னதும் உள்ளே போகப் புறப்பட்டவரின் சட்டையைப் பிடித்து இழுத்து ஸ்கூட்டரில் உட்காரவைத்தாள். அதற்குப் பிறகு அவள் சபைக்குப் போகவில்லை. ஏன் வரவில்லை என்று கேட்டு ஒருவரும் வரவும் இல்லை.

அந்த வாரம்தான் ஒரு சாயங்காலம் பாட்டுப் புத்தகத்தைக் கொண்டுவந்து அவர் மடியில் வைத்தாள். அவர் வாயைச் சுட்டிக் காட்டினாள்.

"நானா? ஏம்மா, நீ நோயில பிழைச்சாலும் என் பாட்டுல பிழைக்க மாட்டியே!"

கழுத்துத் துளை வழியாகக் காற்று புஸ்ஸென்று வந்தது. அதுதான் இப்போது அவளுடைய சிரிப்பு.

முதலில் வாசித்தார். ரேஷன் கடையில் பெயர் வாசிப்பதுபோல் இருக்கிறது என்று அவள் முகம் சொன்னது. பிறகு பாடினார். அவருக்கு ராகம் வராது. அவள் விரலைத் தூக்கினால் மேலே போகவேண்டும், படுக்கவைத்தால் கீழே இறங்கவேண்டும். பாதி நாள் விரல் ஒரு திசையிலும் குரல் ஒரு திசையிலும் போகும். ஆனால் கதிர்வீச்சுச் சிகிச்சைக்குப் போகிற வண்டியில், குழாய் மாற்றுகிற நாட்களில், மூச்சு முட்டி அவள் கண் பிதுங்குகிற நேரங்களில், அந்தக் கட்டைக் குரலில் இரண்டு வரி பாடினால் போதும். மூடிய கைவிரல்கள் ஒவ்வொன்றாகத் திறக்கும். தோள் இறங்கும். அவர் அதைக் கண்ணால் பார்த்தார். மாத்திரை செய்யாததை அது செய்தது. அவருக்குள் மட்டும் ஒன்றும் நடக்கவில்லை. பாடி முடித்துப் புத்தகத்தை மூடும்போது, வேலை முடிந்து கருவிப் பெட்டியை மூடுகிற மாதிரிதான் இருந்தது.

நேற்றுக் காலையும் அப்படித்தான் பாடினார். ஆக்சிஜன் சிலிண்டர் கொண்டுவருகிறவன் வருவதாகச் சொல்லி வரவில்லை. வாய் பாட, காது வாசலில் யார் வருகிறார்கள் என்று கேட்டுக்கொண்டிருந்தது. ஒரு அடி முடிந்து அடுத்த அடிக்குப் போனார், அதற்கும் அடுத்ததற்குப் போனார். ஒரு இடத்தில் சுருதி தாறுமாறாகப் போனது. அவருக்கே தெரிந்தது. விரல் எழும் என்று பார்த்தார். எழவில்லை.

அதற்கு முன்னால் எவ்வளவு தூரம் தனியாகப் பாடிவிட்டார் என்று அவருக்குத் தெரியாது. இதை அவர் மகளிடம்கூடச் சொல்லவில்லை.

இப்போது வீடு நிறைய ஆட்கள். கழுத்துத் துளை தெரியாமல் மகள் நீலத் துணி சுற்றிவிட்டிருந்தாள். போனை ஒருவன் ஸ்டாண்டில் மாட்டிப் பெட்டியை நோக்கித் திருப்பினான். போதகர் எழுந்து நின்றார்.

"நம்ம சிஸ்டர் குரலை இழந்தாங்க, பாட்டை இழக்கல. இந்தச் சபையோட பாட்டுதான் கடைசி மூச்சு வரைக்கும் அவங்களத் தாங்கிச்சு. அவங்க விசுவாசம் அசையவே இல்ல..."

"எந்தச் சபை?"

பேச வேண்டும் என்று அவர் நினைத்திருக்கவில்லை. வார்த்தை வந்து விழுந்துவிட்டது. எல்லாத் தலைகளும் திரும்பின. மகள் கையைப் பிடித்தாள். "அப்பா, இன்னிக்கு வேண்டாம்ப்பா."

"இல்லம்மா, ஐயா சொல்றது தப்பு. தப்பாச் சொல்லி அவள அனுப்பக் கூடாது." குரல் உயரவில்லை. "ஐயா, அவ படுத்துக் கிடந்தப்போ இந்த வீட்டுல உங்க யார் குரலும் கேக்கல. அவளக் குழந்தைங்க ரூமுக்குப் போகச் சொன்னீங்க. இங்க பாடினது நான். எனக்கு ராகமும் வராது, நம்பிக்கையும் கிடையாது. அவ கேட்டா, பாடினேன். அவ்வளவுதான்."

போனை மாட்டியவன் அதை அவசரமாக அணைத்தான். போதகர் கண்ணாடியைக் கழற்றினார். சாக்குச் சொல்வார், வசனம் சொல்வார், அதற்கெல்லாம் பதில் கொடுக்கலாம் என்று அவர் காத்திருந்தார்.

"நாங்க வந்திருக்கணும்" என்றார் போதகர். "வரல. மன்னிச்சிடுங்க பிரதர்."

ஒப்புக்கொண்டுவிட்டால் அப்புறம் யாரோடு மல்லுக்கு நிற்பது? இத்தனை மாதம் கூர் தீட்டிவைத்திருந்த கோபம் குத்த இடமில்லாமல் நின்றது. அவர் சுவரில் சாய்ந்துகொண்டார். கீபோர்டு மெல்ல எழும்பியது. அந்தப் பாட்டையே எடுத்தார்கள். வழி எனக்குத் தெரியாது. அவள் சொல்லிக்கொடுத்த அதே வளைவு, அதே நிறுத்தம். ஒரு பிசிறு இல்லை. அறையே அழுதது, மகள் அத்தையின் தோளில் விழுந்து குலுங்கினாள். இவ்வளவு அழகாகப் பாட முடிந்தவர்கள், பேருந்தில் ஏறினால் அரை மணியில் வந்துவிடக்கூடிய தூரத்தில்தான் இருந்தார்கள். அவர் கண் காய்ந்து எரிந்தது.

கல்லறையில் மண்ணைத் தள்ளி மூடிக்கொண்டிருந்தபோது கீபோர்டுக்காரன் அவர் பக்கத்தில் வந்து நின்றான்.

"வாசல் வரைக்கும் வந்தேன் அண்ணே, ஒரு நாள். பாட்டுச் சொல்லிக்குடுத்ததே அக்காதான். அவங்க பாட முடியாம உக்காந்திருக்க, முன்னாடி நின்னு நான் எப்படி வாயத் திறக்கறது? திரும்பிப் போயிட்டேன்."

"அவளுக்கு வேண்டியிருந்தது நீ பாடறதுதான்ப்பா" என்றார். "வேற ஒண்ணும் வேண்டியிருக்கல."

அவன் அழுதான். அவர் ஆறுதல் சொல்லவில்லை.

ஆட்கள் போய் வீடு வெறிச்சோடிய பிறகு, மகள் டம்ளர்களைக் கழுவிக் கவிழ்த்துக்கொண்டிருந்தாள். திரும்பாமலே கேட்டாள்.

"அம்மா எதுக்கு உங்களப் பாடச் சொன்னாங்கன்னு நினைக்கறீங்க?"

"அவளுக்குக் கேக்கணும்போல இருந்தது."

"போன்ல எத்தன பாட்டு இருக்கு! ஹெட்போன் வாங்கிக் குடுத்தேன், தொடவே இல்ல. நான் கேட்டதுக்கு உங்களக் காட்டினாங்க. அப்புறம் நெஞ்சில கை வெச்சுக் காட்டினாங்க. நீங்க பாடிப் பாடி ஒரு நாள் அந்தப் பாட்டு உங்களுக்குள்ள போயிடும்னு. தனக்கப்புறம் உங்களுக்குப் பிடிச்சுக்க ஒண்ணு வேணும்னு."

குழாயில் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது.

"அப்படின்னா அவ தோத்துட்டா" என்றார்.

மகள் குழாயை மூடினாள். ஈரக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

வீட்டில் இருக்க முடியாமல் சீக்கிரமே வேலைக்குத் திரும்பினார். போன அன்றைக்கே மதியத்தில் ஒரு ஆபீஸ் கட்டடத்தில் இருந்து அழைப்பு. லிப்ட் இரண்டு மாடிகளுக்கு நடுவில் நின்றுவிட்டது. உள்ளே ஒரு பெண். கூட்டாளி மேலே மிஷின் ரூமுக்குப் போனான், சக்கரத்தைக் கையால் சுற்றிப் பெட்டியை மேலே கொண்டுவர. இவர் கதவண்டை மண்டியிட்டார்.

"பயப்படாதீங்கம்மா. கயிறு கெட்டியா இருக்கு. விழாது. மேல தூக்கிட்டிருக்கோம்."

உள்ளே அந்தப் பெண் கதவை அறைந்தாள். "மூச்சு விட முடியல சார்... மூச்சு..."

"காத்து வரும்மா, மேல ஓட்டை இருக்கு. மெதுவா இழுங்க."

அவளுக்குக் கேட்கவில்லை. மூச்சு விசிலடிப்பதுபோல் கேட்டது. அந்தச் சத்தம் அவருக்குப் பழக்கமானது. கயிற்றைப் பற்றியும் பிரேக்கைப் பற்றியும் இன்னொரு தடவை சொன்னார். பயனில்லை. சுற்றிலும் பார்த்தார், நடைவழியில் யாரும் இல்லை. நெற்றியைக் கதவின் தகரத்தில் சாய்த்துக்கொண்டு, கட்டைக் குரலில், ஏற வேண்டிய இடத்தில் இறங்கி, இறங்க வேண்டிய இடத்தில் ஏறி, அந்த இரண்டு வரியைப் பாடினார். திரும்பவும் பாடினார். அறைவது நின்றது. விசும்பல் நீண்டு, மெலிந்து, மூச்சு ஒரு நிதானத்துக்கு வந்தது. அவர் தன் நெஞ்சுக்குள்ளும் ஒரு கணம் காது கொடுத்தார். அங்கே எப்போதும்போல்தான் இருந்தது.

பெட்டி அங்குலம் அங்குலமாக ஏறித் தரைக்குச் சமமாக நின்றது. சாவி போட்டுக் கதவைத் திறந்தார். கண் வீங்கி வெளியே வந்தவள் அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"நீங்க எந்தச் சபை சார்?"

கிரீஸ் கறையை வேஸ்ட் துணியில் துடைத்துக்கொண்டார்.

"நான் லிப்ட் கம்பெனிம்மா. படியில இறங்கிப் போங்க, பாத்து."

அவள் கைப்பிடியைப் பிடித்தபடி இறங்கிப் போனாள். மின்சாரத்தைத் திரும்பக் கொடுக்கச் சொல்லிக் கூட்டாளிக்குக் குரல் கொடுத்தார். கதவை மூடினார். ஆள் இல்லாத பெட்டியைக் கடைசி மாடிக்கு அனுப்பிவிட்டு, கதவில் காதை வைத்து, எங்காவது உரசுகிறதா என்று கேட்டுக்கொண்டு நின்றார்.