ட்ரெவரின் மாத்திரைப் பெட்டி

கெய்னருக்கு வலது முட்டிக்குள் யாரோ உளியை வைத்துத் திருகுவது போலிருந்தது. கிரிம்ஸ்பி மீன் ஆலையின் ஈரத் தரையில் முப்பத்தோரு வருடம் நின்ற முட்டி. மாற்றித்தான் ஆக வேண்டும் என்றது ஆஸ்பத்திரி. ஆனால் பதினெட்டு கிலோ குறைந்த பிறகுதான் கத்தி வைப்பார்களாம்.

டாக்டர் பசியடக்கும் மாத்திரை எழுதிக் கொடுத்தார். நர்ஸ் ஹெய்லி மாதாமாதம் எடையும் பிரஷரும் பார்ப்பாள். இந்த மாத்திரை சிலருக்குப் பிரஷரை ஏற்றும், ஏறினால் அன்றோடு நிறுத்திவிடுவோம், நெஞ்சு படபடத்தால் உடனே போன் செய்யுங்கள் என்று முதல் நாளே கறாராகச் சொல்லியிருந்தாள்.

மாத்திரை வேலை செய்தது. பொரித்த மீன் வாசனைக்குக்கூட வயிறு அசையவில்லை. முதல் மாதமே ஐந்து கிலோ இறங்கியது. கூடவே காதுக்குள் இன்ஜின் ஓடியது, நெஞ்சு அடித்துக்கொண்டது. மருந்துக்கடை பிரஷர் மெஷினில் கையை விட்டுப் பார்த்தாள். நூற்று எழுபது. போன் செய்யவில்லை. மாத்திரை போனால் எடை திரும்பும். எடை திரும்பினால் புது முட்டி கிடைக்காது. முட்டி இல்லாமல் ஆலையில் எத்தனை நாள் நிற்பது?

துறைமுகத்தில் வேலை பார்க்கும் புருஷன் ட்ரெவருக்குப் பத்து வருடமாகப் பிரஷர். கிழமைக்கு ஓர் அறை வைத்த பிளாஸ்டிக் பெட்டியில் அவன் மாத்திரைகளை இவள்தான் நிரப்புவாள். ஹெய்லியின் ஒவ்வொரு பரிசோதனைக்கும் முந்தைய மூன்று நாள், அவன் எழுமுன் அன்றைய மாத்திரையை எடுத்துத் தானே விழுங்கினாள். அவன் காலி அறையைப் பார்த்துக்கொண்டு நிற்பான்.

"இன்னிக்கு முழுங்கிட்டேனாடி?"

"முழுங்கிட்டய்யா. மூளைய துறைமுகத்துலயே விட்டுட்டு வந்துட்டியா?"

அவனும் சிரித்துவிட்டுத் தேநீர் போடப் போய்விடுவான்.

ஹெய்லி ஏமாந்தாள். பிரஷர் சின்னப் பெண்ணுக்கு இருப்பது போலிருக்கிறது என்று மெச்சினாள். படபடப்பு ஏதும் உண்டா என்று கேட்டாள்.

"எனக்கா? செத்த மீனுக்குக்கூட என்னைவிடத் துடிப்பு ஜாஸ்தி, கண்ணு."

நான்காவது பரிசோதனை நாளன்று காலை ட்ரெவர் கெட்டிலைப் பிடித்தபடியே அடுப்பில் சாய்ந்தான். ஆம்புலன்ஸ் வருவதற்குள் வலது கை செத்துவிட்டது, வாய் கோணி, பேச்சு நின்றிருந்தது. மூளையில் ரத்தக்கசிவு என்றார்கள்.

வார்டில் ஓர் இளம் டாக்டர் கேட்டார்.

"பிரஷர் மாத்திரையெல்லாம் ஒழுங்கா சாப்பிட்டாரா? நடுவுல எதாவது விட்டாரா?"

ட்ரெவரின் கண் அவள் முகத்தையே பார்த்தது.

"ஒரு நாளும் விட்டதில்ல. நான்தான பெட்டியில போட்டு வைக்கிறேன்."

அப்படியானால் இந்த அளவு போதவில்லை என்று சொல்லி, டாக்டர் மருந்தைக் கூட்டி எழுதிக்கொண்டு அடுத்த கட்டிலுக்குப் போனார். கெய்னர் எழுந்து அவரைக் கூப்பிட வாயெடுத்தாள். முட்டி மடங்கியது. அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

டாக்டருக்கு அவள் ஓர் உண்மை பாக்கி வைத்திருந்தாள். ட்ரெவருக்குப் பன்னிரண்டு மாத்திரை.