கதவின் கரிந்த பக்கம்

என் சித்திக்குத் தெரு வச்ச பேரு பூட்டுக்காரி. நாற்பது வருஷமா அந்தப் பேரைச் சுமந்துக்கிட்டுதான் நடக்கிறா. அவ வேலை பார்த்த நூல் மில்லுல தீப்பிடிச்சு ஆறு பொம்பளைங்க செத்தாங்க. ‘வேலை நேரத்தில் தூங்குவதற்காகக் கதவை உள்ளே தாழிட்ட பெண், ஜன்னல் வழியே குதித்துத் தப்பினார்’னு விசாரணை அறிக்கை சொல்லுது. முத்திரை, கையெழுத்து எல்லாம் அம்சமா இருக்கு.

அந்த மில்லோட நூறு வருஷ வரலாற்றை எழுதத்தான் என்னைக் கூப்பிட்டாங்க. விடுவேனா?

முதல்ல சித்தியைக் கேட்டேன். “வெளியில பூட்டியிருந்துச்சுடி. எத்தனை தடவை சொல்றது? கொட்டுற மழை வேற”ன்னா. தீப்பிடிச்ச சமயத்துப் பேப்பரைப் புரட்டினா, ஒரு மாசமா சொட்டு மழை இல்லைன்னு போட்டிருக்கு. அதைச் சொன்னதும் கொதிச்சுட்டா.

“நீயும் என்னைப் பொய்க்காரிங்கிறியா? படிச்ச திமிரு!”

எனக்குச் சுருக்குன்னுதான் இருந்துச்சு. ஆனா சித்தி சொல்லிட்டாளேன்னு அப்படியே எழுதினா, நான் அவளுக்கு நல்ல மகளா இருக்கலாம், வரலாறு எழுதுறவளா இருக்க முடியாது.

தீயணைப்பு நிலையத்துல பழைய போட்டோ ஒண்ணு கிடைச்சுது. ஜன்னலுக்குக் கீழே, ஒடிஞ்ச காலை நீட்டிக்கிட்டுச் சித்தி. தொப்பலா நனைஞ்சிருக்கா. பக்கத்துலயே தண்ணி பீய்ச்சுற குழாய். அட, இதுதானா அந்த மழை! நனைஞ்சது நிஜம். எதுல நனைஞ்சோம்ங்கிறதுதான் அவளுக்கு மாறிப்போச்சு. ஆனா கதவு படத்துல விழல.

கதவு எங்கேன்னு மில்லுல ஒருத்தர் விடாம நச்சரிச்சேன். ஸ்டோர்கீப்பர் சிரிச்சார். “அதுமேலதாம்மா தினமும் சாப்பிடுறேன்.”

ரெண்டு டிரம் மேல படுக்க வச்சு மேசையாக்கியிருந்தார். ஓரத்துல, பூட்டு மாட்டுற துருப்பிடிச்ச கொண்டி. அதுலதான் சாப்பாட்டுப் பையை மாட்டுவாராம். டிபன் பாக்ஸை நகர்த்திட்டு ரெண்டு பேருமா கதவைத் திருப்பினோம். அடிப்பக்கம் முழுக்கக் கரி. தீ உள்ளேதானே எரிஞ்சுது, அப்போ அதுதான் உள்பக்கம். மேலேயிருந்து கீழே வரைக்கும் விரலால தடவினேன். தாழ்ப்பாள் இல்ல. தாழ்ப்பாள் இருந்த தடம் இல்ல. ஒரு ஆணி ஓட்டைகூட இல்ல. கொண்டி வெளிப்பக்கம் மட்டும்தான்னு தெரியுற மாதிரி, ரெண்டு பக்கத்தையும் போட்டோ எடுத்துக்கிட்டேன்.

மேனேஜர் படத்தையெல்லாம் தள்ளி வச்சார். “சீல் வச்ச அறிக்கை இருக்கு. ஒரு பலகையை நம்பி மாத்துவீங்களா?”

“சீல் வச்சவர் பலகையைத் திருப்பிப் பார்க்கலையே சார்.”

“சரி, அப்போ வெளியில பூட்டினது யாரு?”

“தெரியாது. தெரியாதுன்னே எழுதுவேன். யாரு பூட்டலைன்னு தெரியும்.”

“அந்த அத்தியாயம் இருந்தா புத்தகம் வராது.”

“உங்க புத்தகம் வராது. என் புத்தகம் வரும். அவ என் சித்தி. அதையும் முதல் பக்கத்துலயே போடுவேன்”னு சொல்லிட்டு எழுந்து வந்துட்டேன்.

அன்னிக்குச் சாயங்காலமே எழுதினதைச் சித்தி வீட்டுக்கு எடுத்துட்டுப் போனேன்.

“மழை இல்லைங்கிறதையும் போட்டுட்டியா?”

“போட்டுட்டேன்.”

உர்ருன்னு பார்த்தா. அப்புறம் கோணக்காலை இழுத்துக்கிட்டு எழுந்து போய், வாசக்கதவை ரெண்டு பக்கமும் விரியத் திறந்து, நாற்காலியை அதுக்கு நேரே போட்டு உட்கார்ந்தா.

“இப்போ படி. தெருவுக்குக் கேக்கணும்.”