இந்த வெல்வெட் விற்பனைக்கு இல்லை

1

தமிழில் தாவரத்தைப் பற்றி எழுதப்பட்ட கதைகளிலேயே சிறந்தது இதுதான். பணிவோடு சொல்லிப் பார்த்தேன். உண்மைக்குப் பணிவு ஒத்துவரவில்லை. இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன்: புத்தியுள்ள எவரும் இந்தக் கதையில் செடியோடு பேசமாட்டார்.

கதை பிறந்தது ஒரு மின்விசிறியில். மதுரைக் கல்லூரியிலிருந்து கோடை விடுமுறைக்குத் தேனி வந்தவன், வீட்டுக்குள் நுழைந்ததும் விசிறியைப் போட்டேன். மதினி அணைத்தார். மறுபடி போட்டேன். மறுபடி அணைத்தார்.

"காத்துப் பட்டா இலை காஞ்சிரும் தம்பி."

"படலன்னா நான் காஞ்சிருவேன் மதினி."

"நீங்க காஞ்சா டீக்கடைக்குப் போவீக. அது எங்கன போகும்?"

2

முதல் தொடக்கம்: 'மலையரசி ஈன்ற மரகத மகளே...'

(அடித்துவிட்டேன். கல்லூரி மலரில் பரிசு வாங்கிய கதை மாதிரி இருந்தது. பரிசு வாங்கியவன் நான்தான்.)

இரண்டாவது தொடக்கம், வெறும் தகவல். மதினி சொர்ணலதா மலைமேல் ஏலக்காய் எஸ்டேட்டில் பிறந்தவர். கல்யாணம் முடிந்து கம்பம் வழியாகத் தேனிக்கு ஜீப்பில் இறங்கியபோது மடியில் ஒரு செடி இருந்தது. துரை பங்களாவில் கிடைத்த கன்று. இலை கரும்பச்சை வெல்வெட், நரம்பெல்லாம் வெள்ளை ஜரிகை. பெயர் யாருக்கும் தெரியாது.*

*அண்ணன் பொன்னுராஜ் அதை 'மச்சினி' என்பார். கூடவே வந்துவிட்டதாம்.

3

இனிதான் சிக்கல். எங்களுடையது ஜவுளிக்கடை, வீடு அதன் பின்கட்டு. விரலிடுக்கில் வைத்துத் தேய்த்துப் பார்க்காமல் இங்கே யாரும் எதையும் நம்புவதில்லை. வீட்டுப் பக்கம் வந்தவர்களெல்லாம் இலையைத் தேய்த்தார்கள்.

"டெரிலினா ஆத்தா? சாயம் போகுமா?" என்றார், வீரபாண்டித் திருவிழாவுக்குச் சேலை எடுக்க வந்த சோணையம்மாள்.

தேய்த்த இடம் பழுக்கும். பிறகு இலையே போகும். காலை ஜெபம் முடிந்து எழுந்த அப்பாவே, பழக்கதோஷத்தில் ஒன்றை முடித்துவைத்தார்.

(செடியை வேறு இடத்தில் வைத்தால் என்ன என்று கேட்கும் வாசகருக்கு: வெயில் விழாத வெளிச்சம் எங்கள் வீட்டில் அந்த ஜன்னலோரம் மட்டும்தான். நடைவழியும் அதுவேதான்.)

இப்போது மிச்சம் ஒரே ஒரு சுருள் தளிர். மதினி அதன் பக்கத்தில் குளுமைக்கு ஈரத்துண்டைத் தொங்கவிட்டு, "பயப்படாத, விரிஞ்சு வா" என்றார். சிரித்தேன்.

"சிரிங்க தம்பி. இதுவும் போச்சுன்னா, அடுத்து எங்கப்பா சாமான் வாங்கக் கீழ வருவாகள்ல, அவுகட்ட குடுத்து மலைக்கே அனுப்பிருவேன். இங்கன பொழைக்க முடியாதத எதுக்குப் பிடிச்சு வச்சிருக்கணும்?"

செடியைப் பற்றித்தான் சொன்னார் என்று எழுதினேன். அப்புறம் அவர் முகத்தை நினைத்து அந்த வாக்கியத்தை

(அப்படியே கிடக்கட்டும்.)

4

முடிவு அ: தளிர் விரிகிறது, குடும்பமே கண்ணீர் வடிக்கிறது. கல்லூரி மலருக்கு.

முடிவு ஆ: தளிர் கருகுகிறது. விமர்சகர்களுக்கு.

முடிவு இ நேற்று நடந்தது. தளிர் பாதி விரிந்திருந்தது, செம்பு நிறத்தில். சேலையை மாற்ற வந்த சோணையம்மாள் விரலை நீட்டினார். இலைக்கும் விரலுக்கும் நடுவே ஒரு கை போய் நின்றது. நீட்டிய விரலை வீணாக்க மனமில்லாமல் அவர் அந்த உள்ளங்கையைத் தேய்த்துப் பார்த்தார்.

"ஏலே, இது என்ன துணி? ஒரு வேலையும் பாக்காத துணியால்ல இருக்கு!"

கை யாருடையது என்று சொல்ல ஆசிரியர் கடமைப்பட்டவர் அல்ல. அடுப்படியில் மதினி சிரித்தது மட்டும் கேட்டது. அவர் அப்படிச் சிரித்து நான் கேட்டதில்லை.

5

தளிர் முழுசாக விரியுமா, மதினியின் அப்பா எதைக் கூட்டிக்கொண்டு மலையேறுவார் என்பதையெல்லாம் நீங்களே முடித்துக்கொள்ளுங்கள். எனக்கு வேலை இருக்கிறது. எல்லோரும் ஞாயிறு ஆராதனைக்குக் கோயிலுக்குப் போய்விட்டார்கள். கரண்ட் இருக்கிறது, விசிறி ஓடவில்லை. வியர்வை சொட்டி மேலே இரண்டு வரி கலைந்துபோயிற்று. துண்டு காய்ந்திருந்தது, நனைத்துப் போட்டேன். ஜன்னலை விட்டு நாற்காலியைக் கொஞ்சம் நகர்த்தி,

"வெளிச்சத்த மறைக்கிறனா?"

வாசகரே, உங்களைக் கேட்கவில்லை.