முப்பத்தெட்டு கிராம்

“ஒன்பது?”

“பாதிச் சோறு மிச்சம். முட்டையைத் தொடவே இல்ல.”

“பத்து?”

“காயை மட்டும் ஓரமா ஒதுக்கியிருக்காரு, வேலி கட்டின மாதிரி.”

“பதினொண்ணு?”

“கழுவி வச்ச மாதிரி இருக்கு, தராசு. இதை மறுபடி கழுவணுமான்னு யோசிக்கிறேன்.”

நான் கட்டில் எண்ணைக் கேட்க, தட்டு வண்டி தள்ளுகிற அண்ணன் இப்படிச் சொல்லிக்கொண்டே வருவார். நான் ஒவ்வொரு தட்டையும் எடைபோட்டு நோட்டில் எழுதுவேன். தட்டில் எவ்வளவு போனது, எவ்வளவு திரும்பி வந்தது, நடுவில் உள்ளது நோயாளியின் வயிற்றில். அதுதான் என் ஆய்வு. ஊட்டச்சத்து அறிவியலில் மேல்படிப்பு, கடைசி வருஷம். மூன்று வாரம் ஆஸ்பத்திரியில் பயிற்சி. வார்டில் யாரும் என் பெயரைக் கேட்கவே இல்லை. முதல் நாளே தராசு என்று வைத்துவிட்டார்கள்.

நான் இந்தப் படிப்பில் சேர்ந்தபோது பெரியப்பா வீடு முழுக்கக் கேட்கிற மாதிரி சிரித்தார்.

“சமைக்கிறதுக்கு எதுக்கும்மா காலேஜு? உங்க பெரியம்மா எந்தக் காலேஜுல படிச்சா?”

“அதனாலதான் பெரியப்பா உங்களுக்குச் சர்க்கரையும் இருக்கு, கொழுப்பும் இருக்கு” என்றேன்.

“வாய்க்கு மட்டும் இப்பவே டிகிரி குடுக்கலாம்” என்றார்.

சிரித்தாலும் அது தைத்தது. என்னோடு படித்தவர்களுக்கெல்லாம் வழி தெரிந்துவிட்டது. ஒருத்தி விளையாட்டு அணிக்கு உணவு அட்டவணை போடப் போகிறாள். ஒருத்திக்குக் குழந்தை உணவு கம்பெனி. ஒருத்தன் பள்ளிக்கூடச் சாப்பாட்டுத் திட்டத்தில் மேற்பார்வை. எனக்கு ஆஸ்பத்திரிதான் வேண்டும். வெள்ளை கோட்டு, கழுத்தில் அடையாள அட்டை, கேஸ் ஷீட்டில் என் கையெழுத்து. பெரியப்பா ஒருநாள் அந்தப் பக்கம் வந்து அதைப் பார்க்க வேண்டும். இவ்வளவுதான் என் லட்சியம், மறைப்பானேன்.

தலைமை டயட்டீஷியன் மேடம் இரண்டாம் வாரமே சொல்லிவிட்டார்.

“இங்க ஒரு இடம் காலியாகுது. உன் ஆய்வு நல்லா வந்தா நான் வேற யாரையும் தேட மாட்டேன். கடைசி வெள்ளிக்கிழமை பெரிய டாக்டர் முன்னாடி நீதான் பேசணும். என் மானத்தை வாங்கிடாதே.”

அந்தப் பதினோராம் கட்டில்தான் என் ஆய்வின் செல்லப்பிள்ளை. லாரி டிரைவர், ஐம்பத்தைந்து வயசு. விபத்தில் தொடை கிழிந்து ஆபரேஷன் ஆனவர். புண் ஆற வேண்டுமானால் புரதம் உள்ளே போக வேண்டும். அதற்காகவே அவருக்குத் தினம் இரண்டு முட்டை, கூடுதல் பருப்பு, பால். பேசவே மாட்டார். எப்போதும் ஒரு துண்டை வாயை மறைத்துப் போட்டிருப்பார். கேட்டால் தலையை ஆட்டுவார். பக்கத்தில் அவர் மனைவி ஸ்டூலில் உட்கார்ந்து, யாருடைய சட்டைக்கோ காஜா எடுத்துக்கொண்டிருப்பார். தையல்காரி. அக்கா என்றுதான் கூப்பிடுவேன்.

“அக்கா, இன்னிக்கும் நூத்துக்கு நூறு! வார்டுலயே உங்க வீட்டுக்காரர்தான் முதல் மார்க்கு.”

“அப்படியாம்மா” என்பார், ஊசியிலிருந்து கண்ணை எடுக்காமல்.

நான் அவர் தலைமாட்டு அட்டையில் சிவப்புப் பேனாவால் ஒரு நட்சத்திரம் போடுவேன். அதைப் பார்த்து அக்கா ஏன் சிரிக்கவில்லை என்று ஒருநாளும் நினைத்ததில்லை. கூச்ச சுபாவம் என்று முடிவு கட்டிவிட்டேன்.

மூன்றாம் வாரம் அவர் எடை ஐந்து கிலோ குறைந்திருந்தது. புண் வாய் மூடவில்லை. பெரிய டாக்டர் என் அட்டையைக் கையில் எடுத்தார்.

“இதை எழுதினது யாரு?”

“நான்தான் டாக்டர்.”

“கிராம் கணக்குல எழுதியிருக்கே. வேளாவேளைக்கு எல்லாமே உள்ளே போயிருக்கா?”

“ஆமா டாக்டர். ஒரு பருக்கை மிச்சமில்ல.”

அவர் பக்கத்திலிருந்த சின்ன டாக்டரிடம் திரும்பினார். “இவ்வளவு சாப்பிட்டும் வத்திப்போறாருன்னா உள்ளே வேற ஏதோ இருக்கு. குடல் பரிசோதனைக்கு எழுது. வெள்ளிக்கிழமை காலையில. வியாழக்கிழமையிலேர்ந்து வெறும் வயிறு, பேதி மருந்து.”

அக்காவின் ஊசி நின்றது. அதை நான் பார்த்தேன். பார்த்தும், என் எண்களை நம்பி ஒரு பெரிய டாக்டர் பரிசோதனை எழுதிவிட்டாரே என்கிற பூரிப்பில் மிதந்துகொண்டு வெளியே வந்தேன்.

அந்த வாரமே புதன்கிழமை மதியம். தட்டுகளைக் கொடுத்துவிட்டு வந்தவள், பேனாவை வார்டிலேயே வைத்துவிட்டேன் என்று திரும்பிப் போனேன். பதினோராம் கட்டிலைச் சுற்றித் திரை இழுத்திருந்தது. புண்ணுக்குக் கட்டுப் போடுகிறார்கள் என்று நினைத்து மெல்ல விலக்கினேன்.

அக்கா நின்றுகொண்டே சாப்பிட்டுக்கொண்டிருந்தார். சாப்பிட்டார் என்று சொல்ல முடியாது. திணித்துக்கொண்டிருந்தார். ஒரு முழு முட்டை வாயில். கண்ணில் தண்ணீர். டிரைவர் கட்டிலில் சாய்ந்து, ஒரு டம்ளர் பருப்புத் தண்ணீரை உறிஞ்சிக்கொண்டிருந்தார். துண்டு மடியில் கிடந்தது. அவர் வாயை முதன்முதலாகப் பார்த்தேன். உதடுகள் உள்ளே மடங்கியிருந்தன. ஒரு பல்கூட இல்லை.

அவர் சட்டென்று துண்டை எடுத்து முகத்தில் போட்டுக்கொண்டார்.

“அக்கா... இது அவரோட சாப்பாடு.”

அக்காவுக்குப் புரையேறிவிட்டது. முதுகில் தட்டினேன். இருமி முடித்ததும் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார்.

“சொல்லிடாதம்மா. பசிக்குத் திங்கல. சத்தியமா பசிக்குத் திங்கல. எனக்கு இந்த முட்டையைப் பாத்தாலே குமட்டுது.”

“அப்புறம் எதுக்கு?”

“ஒன்பதாம் நம்பர்காரர் மிச்சம் வச்சாருன்னு நீ எழுதினே. மறுநாளே அவருக்குப் பாதி அளவா குறைச்சுட்டாங்க. இவருக்கும் குறைச்சுட்டா? சாப்பிட மாட்டேங்கிறாரு, எடத்தைக் காலி பண்ணுன்னு சொல்லிட்டா? நாளைக்கு முடியும், நாளைக்குச் சாப்பிட்டுடுவாருன்னு பாத்தேன். நீ வேற தினம் நட்சத்திரம் போட்டே...”

“அவரால ஏன் சாப்பிட முடியல?”

அக்கா புருஷனைப் பார்த்தார். அவர் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார்.

“பல் செட்டு தொலைஞ்சு போச்சும்மா. மேலயும் கீழயும். ஆபரேஷன் முடிஞ்சு மொத சாப்பாடு, அந்தத் திங்கக்கிழமை மத்தியானம். ஈறு வலிக்குதுன்னு கழட்டி, கைதுடைக்கிற காகிதத்துல சுத்தித் தட்டு ஓரமா வச்சாரு. மயக்கம் தெளியாத மனுஷன். நான் தண்ணி புடிக்கப் போயிட்டு வரதுக்குள்ள தட்டு போயிடுச்சு. வார்டு ஆயாகிட்ட கேட்டேன். ‘உங்க பல்லைக் காவல் காக்கிறதா எங்க வேலை’ன்னு எல்லார் முன்னாடியும் கேட்டுட்டாங்க. அதோட இவரு வாயை மூடினவருதான். எட்டுக் கட்டில் இருக்கிற எடத்துல பொக்கை வாயைத் திறந்து சாப்பிட மாட்டேங்கிறாரு. குழைச்சுக் கொடுத்தாலும் துண்டை எடுக்க மாட்டேங்கிறாரு. லாரி ஷெட்டுல இவரு சிரிச்சா ரோடு வரைக்கும் கேக்கும்மா.”

“என்கிட்ட சொல்லியிருக்கலாமே அக்கா.”

“நீதான் கேக்கலையே” என்றார். குத்திக்காட்டவில்லை. உள்ளதைச் சொன்னார்.

“சாயங்காலம் டாக்டர்கிட்ட நானே பேசறேன்” என்று சொல்லிவிட்டு வந்தேன்.

பேசவில்லை. நேராக விடுதி அறைக்குப் போய் நோட்டைத் திறந்தேன். அந்தத் திங்கட்கிழமைதான் என் ஆய்வுக்கும் முதல் நாள். சாப்பிட முடியாத கழிவுக்கென்று ஒரு பத்தி வைத்திருந்தேன். எலும்பு, பழத்தோல், காகிதம். தட்டில் இருப்பதை முதலில் அதில் பிரித்துவிட்டுத்தான் மிச்சத்தை எடைபோட வேண்டும். அந்த மதியம் ஒன்பதாம் கட்டில், மூன்று கிராம். பத்து, நான்கு கிராம். பன்னிரண்டு, மூன்று கிராம். எல்லாம் வெறும் காகிதம். அன்று பழம் கிடையாது. முட்டையும் உரித்த முட்டை.

பதினொன்று, முப்பத்தெட்டு கிராம்.

என் கையெழுத்துதான்.

ஞாபகம் வந்தது. ஒரு காகிதச் சுருள், ஈரமாக, கொஞ்சம் கனமாக. அண்ணன்கூடக் கேட்டார், “அது என்ன தராசு, பிரிச்சுப் பாக்கலையா?” “எச்சில் காகிதத்தை எவன் பிரிப்பான்” என்றேன். கையில் உறை போட்டிருந்தும் இரண்டு விரலால் தூக்கி, எடைபோட்டு, எழுதி, குப்பைத் தொட்டியில் போட்டேன். ஒரு மனுஷனுடைய வாயைத் தூக்கிப் போட்டுவிட்டு, மூன்று வாரமாக அவன் தலைமாட்டில் நட்சத்திரம் போட்டுக்கொண்டிருந்தேன்.

வியாழக்கிழமை காலை மேடம் அறைக்குப் போனேன். சொல்லத்தான் போனேன். அவர் என் அறிக்கையைப் புரட்டிக்கொண்டிருந்தார்.

“பிரமாதம். பதினோராம் கட்டிலைத் தனிப் பக்கமாவே போட்டுடு. இந்த வேலை உனக்குத்தான்னு வச்சுக்கோ. இனிமே ஒரு எழுத்தை மாத்தாதே.”

“சரி மேடம்.”

“வேற ஏதாவது சொல்லணுமா?”

“இல்ல மேடம்.”

ஒரு நாள்தானே என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பரிசோதனை செய்தால் கெட்டா போய்விடும், உள்ளே ஒன்றுமில்லை என்று தெரிந்தால் நல்லதுதானே. வெள்ளிக்கிழமை பேசி முடித்துவிட்டு, சாயங்காலம் மெதுவாகச் சொல்லிக்கொள்ளலாம். அன்று நாள் முழுக்க வார்டுப் பக்கமே போகவில்லை. எனக்குத் தலைவலி என்று அண்ணனிடமே தராசைக் கொடுத்தேன்.

வெள்ளிக்கிழமை காலை எட்டு மணிக்கு அண்ணன் கூட்ட அறை வாசலுக்கே ஓடிவந்தார்.

“தராசு, உன் பதினொண்ணு கக்கூஸ்ல விழுந்துட்டாரு. பேதி மருந்து, வெறும் வயிறு. மயக்கம். தையல் பிரிஞ்சு ரத்தமா ஓடுது. அந்த அம்மா உன்னைத்தான் கேக்குது. நீ ஏதோ பேசறேன்னு சொன்னியாமே?”

ஓடினேன். பெரிய டாக்டர் குனிந்து தொடையை அழுத்திப் பிடித்துக்கொண்டிருந்தார். மூச்சிரைக்க எல்லாவற்றையும் சொன்னேன். பல் செட்டு தொலைந்தது, அக்கா சாப்பிட்டது, அவர் மூன்று வாரமாகப் பருப்புத் தண்ணீரும் பாலுமாக இருந்தது.

டாக்டர் நிமிரவில்லை.

“இது உனக்கு எப்போ தெரியும்?”

அக்கா என்னைப் பார்த்தார்.

“இப்பத்தான் டாக்டர்” என்றேன். “இப்பத்தான் அக்கா சொன்னாங்க.”

அக்கா தலையைக் குனிந்துகொண்டார். அந்தக் குனிந்த தலையைப் பார்த்து டாக்டர் கத்தினார். “படிச்சவங்க எடைபோட்டு எழுதுறாங்க, நீங்க பின்னாடி நின்னு ஏமாத்துறீங்க. உங்க புருஷனை நீங்களே கொல்லப் பாத்தீங்களே!”

குடல் பரிசோதனை ரத்தானது. திரவ உணவு, மசித்த உணவு எல்லாம் நானே எழுதினேன். பத்து மணிக்குக் கூட்டத்திலும் பேசினேன். பதினோராம் கட்டிலுக்கான பக்கத்தை எடுத்துவிட்டு, ‘தட்டு காலியானால் நோயாளி சாப்பிட்டதாக அர்த்தமில்லை’ என்று ஒரு பக்கம் புதிதாகச் சேர்த்தேன். எடைபோடுவதைப் பார்த்துப் பயந்து வீட்டார் உணவை மறைக்கக்கூடும், இது இந்த முறையின் குறை என்றேன். தன் ஆய்வின் ஓட்டையைத் தானே காட்டுகிற நேர்மை என்று பெரிய டாக்டர் கைதட்டினார். எல்லாரும் தட்டினார்கள். மேடம் என் தோளைப் பிடித்து, “வர்ற முதல் தேதியிலேர்ந்து வந்துடு” என்றார். முப்பத்தெட்டு கிராம் பின்னிணைப்பில், நாற்பத்தோராம் பக்க அட்டவணையில் இருந்தது. யாரும் அதுவரை புரட்டவில்லை.

மதியம் வார்டுக்குப் போனேன். போகாமல் இருக்க முடியவில்லை. அண்ணே, என்கூட வாங்களேன் என்று கூப்பிட்டேன். “என்ன, இன்னிக்குத் தராசு இல்லாம வர்றே?” என்றபடி வந்தார்.

டிரைவர் தலையணையில் சாய்ந்திருந்தார். அக்கா மசித்த சோற்றைக் கரண்டியில் ஊட்டிக்கொண்டிருந்தார். துண்டு இல்லை. எட்டுக் கட்டிலுக்கும் விஷயம் தெரிந்த பிறகு மறைக்க என்ன இருக்கிறது. என்னைப் பார்த்ததும் அக்கா கரண்டியை வைத்துவிட்டு எழுந்து, என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். அந்தச் சுருளைத் தூக்கிப் போட்ட அதே கைகள்.

“என்னால உன் படிப்புக்கு எதுவும் ஆயிடலையே? டாக்டர் உன்னைத் திட்டலையே?”

“இல்லக்கா.”

“உன்கிட்ட புதன்கிழமையே சொன்னேன்னு நான் சொல்லலம்மா. சொன்னா உனக்குக் கெட்ட பேரு. சின்னப் பொண்ணு, இனிமேதான் வாழப்போறே.” என் கைகளை இன்னும் இறுக்கிப் பிடித்தார். “எங்களுக்காக எவ்வளவு எழுதினே. எல்லாம் பொய்க்கணக்காப் பண்ணிட்டேன். மனசுல வச்சுக்காத. மன்னிச்சுடும்மா.”

அந்தக் காகிதச் சுருளைப் பற்றிச் சொல்ல வாயைத் திறந்தேன். தட்டு வண்டி அண்ணன் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். முந்தின நாள் கடையில் தைத்து வாங்கிய வெள்ளை கோட்டு என் கையில் மடித்திருந்தது.

“பரவாயில்லக்கா” என்றேன்.

டிரைவர் சிரித்தார். பல்லில்லாத வாயை முழுசாகத் திறந்து, ரோடு வரைக்கும் கேட்கிற மாதிரி. காற்றுப் போகிற குரலில் மனைவியிடம் சொன்னார்:

“நான்தான் சொன்னேன்ல, நல்ல பொண்ணுடி. பாரு, மன்னிச்சுடுச்சு.”