மூன்று ஞாயிற்றுக்கிழமைகள்

காணாமற்போன தங்கையை அக்கா தேடும் திகில் படம் என்று கேள்விப்பட்டதும், யோசெப்பின்தான் புருஷனைக் கொட்டாஞ்சேனைத் தியேட்டருக்கு இழுத்து வந்தாள். அவளுடைய தங்கை செலீனும் மூன்று வருடத்துக்கு முன் ஒரு சிங்களக் கத்தோலிக்கப் பெடியனோடு வீட்டைவிட்டுப் போனவள். எங்கே இருக்கிறாளோ தெரியாது என்பது அப்பா ஊருக்குச் சொன்ன கதை. பிறகு மாப்பிள்ளையாக வந்த பற்றிக்குக்கும் அதே கதைதான். படத்து அக்கா தங்கையைக் கண்டதும் முதல் வார்த்தையாக என்ன சொல்வாள்? யோசெப்பினுக்கு அதுதான் தெரியவேண்டும்.

படம் சப்பென்று போனது. கதாநாயகி ஹோட்டல் ஹோட்டலாகத் தேடினாள். கறுப்புக் கோட்டுக்காரன் ஒருவனுக்குப் பின்னால் ஓடினாள். கடைசியில் பார்த்தால், தங்கை அதே ஊர் மாதா கோயிலில் கலியாணம் முடித்துக் குடியும் குடித்தனமுமாக இருக்கிறாள்.

"அக்கா, நீ ஞாயிறு பூசைக்குப் போறேல்லையோ?" என்று பின்வரிசையில் ஒருவர் கத்த, தியேட்டரே சிரித்தது. அக்காவும் தங்கையும் கட்டிப்பிடித்து அழுதார்கள். ஒரு வார்த்தை பேசவில்லை.

பற்றிக் துறைமுகத்தில் இயந்திரம் திருத்துகிறவன். எதையும் கழற்றிப் பார்க்காமல் விடமாட்டான். தேத்தண்ணிக் கடையில் படத்தைக் கழற்றத் தொடங்கினான்.

"திகில் படமெண்டால் ஒரு விசயத்தை ஒளிக்கவேணும். ஆனா ஒளிக்கக்கூடியதாப் பாத்து ஒளிக்கவேணும். கோயில் கலியாணத்தை ஒளிக்கேலுமே? ஆர் ஆரைக் கட்டப்போகினமெண்டு மூண்டு ஞாயிறு பூசையில பங்குச் சுவாமி வாசிப்பார். தடை சொல்ல ஆக்கள் இருந்தால் வந்து சொல்லட்டுமெண்டுதான் அந்த ஏற்பாடே. பொம்பிளையின்ர கோயில், மாப்பிள்ளையின்ர கோயில், ரெண்டிலயும் வாசிப்பினம். மாப்பிள்ளை எந்த ஊரெண்டும் சொல்லுவினம். அந்த ஊர்க் கோயில்ல விசாரிச்சால் வீடு தெரிஞ்சுபோம். பத்து நிமிசத்தில படம் முடிஞ்சிருக்கும்!"

யோசெப்பினின் தேத்தண்ணி ஆடை படர்ந்து கிடந்தது.

"அவளுக்கும் தெரிஞ்சிருக்கும்," என்றாள்.

"ஆருக்கு?"

"படத்து அக்காவுக்கு."

"தெரிஞ்சும் போகாம இருந்தவளெண்டால் அது வேற படம்," என்றான் பற்றிக். "நல்ல படமா இருந்திருக்கும்."

அவள் கோப்பையைத் தள்ளிவைத்தாள். "இஞ்சருங்கோ, பேலியகொடை பஸ் எங்க நிக்கும்?"

"அங்க ஆர் இருக்கினம்?"

"செலீன்."

பற்றிக் அவளையே பார்த்தான். "உமக்கு எப்பிடித் தெரியும்?"

"அவளின்ர பேர் வாசிச்ச மாசம் அப்பா வேற கோயிலுக்குப் பூசைக்குப் போனவர். நான் எங்கட கோயிலுக்குத்தான் போனனான். மூண்டு ஞாயிறும்."

பற்றிக் எழுந்தான்.

"போய் என்ன கதைக்கப்போறீர்?"

"தெரியேல்லை. படத்திலயும் சொல்லித் தரேல்லையே."

"சரி, வெறுங்கையோடயே போறது?" என்று சொல்லிக்கொண்டு பக்கத்துப் பேக்கரிக்குள் நுழைந்தான்.