எல்லார் பெயரிலும் ஒரு தீர்மானம்

டிலக்சனா தேர்தலில் நிற்கப் போவதாக வீட்டில் சொன்ன அன்று, தகப்பன் பஸ்தியாம்பிள்ளை மதிய ஷிப்ட்டுக்குப் புறப்பட்டுக்கொண்டிருந்தார். பார்க்கிங் என்ற புறநகரில் அவர்கள் இருந்த வீட்டிலிருந்து பஸ் டிப்போவுக்குப் பத்து நிமிட நடை. பத்தொன்பது வருடமாக அங்கே சாரதியாக இருக்கிறார். பல்கலைக்கழக மாணவர் யூனியனின் தலைவர் பதவி என்றதும் முதலில் அவருக்குப் பெருமையாகத்தான் இருந்தது. மகள் மூன்றாம் வருடம் வரலாறு படிக்கிறாள், மேடையில் கூசாமல் பேசுவாள், நிற்கட்டுமே என்று நினைத்தார். எந்தப் பக்கம் நிற்கிறாய் என்று பிறகுதான் கேட்டார். கொன்சர்வேட்டிவ் மாணவர் அமைப்பின் சார்பில் என்று அவள் சொன்னாள்.

ஒரு காலில் சப்பாத்தைக் கட்டி முடித்திருந்தார். மற்றதைக் கையில் எடுத்தவர் நிமிர்ந்து மகளைப் பார்த்தார்.

அவர் அகதியாக வந்து ஆறு வருடம் விசாவுக்குக் காத்திருந்தவர். அந்த ஆறு வருடமும் உள்துறைக்குக் கடிதம் மேல் கடிதம் எழுதிக் கொடுத்தவர் ஒரு லேபர் கவுன்சிலர். வோட்டுரிமை கிடைத்த நாளிலிருந்து பஸ்தியாம்பிள்ளை வேறு கட்சிக்குப் போட்டதில்லை. போடலாம் என்று யோசித்ததும் இல்லை.

"எங்களை இஞ்சை வரவிடக் கூடாது எண்டு சொன்ன ஆக்களோடையோ, பிள்ளை?" என்று கேட்டார்.

இந்தக் கேள்வி வரும் என்று அவளுக்குத் தெரியும். "அப்பா, பூசை தவறக் கூடாது, சொன்ன சொல்லை மாத்தக் கூடாது, அரசாங்கத்தின்ரை கையைப் பாத்துக்கொண்டு இருக்கக் கூடாது எண்டு சொல்லித் தந்தது நீங்கள்தான். இந்த வீட்டிலை உங்கடை கொள்கைக்கு வோட்டுப் போடுறது நான் ஒருத்திதான்."

சமையலறையில் நின்ற தாய் மரியமலருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பஸ்தியாம்பிள்ளை சிரிக்கவில்லை. மற்றச் சப்பாத்தையும் போட்டுக்கொண்டு போய்விட்டார்.

அவள் விளையாட்டுக்கு அந்தப் பக்கம் போனவள் அல்ல. முதலாம் வருடத்தில் யூனியன் கூட்டம் ஒன்றுக்குப் போயிருந்தாள். எங்கேயோ ஒரு நாட்டில் நடந்த விடயத்தைக் கண்டித்துத் தீர்மானம் எழுத மூன்று மணித்தியாலம் வாதாடினார்கள். அந்த நாட்டிலிருந்து வந்து படிக்கிற மாணவன் ஒருவன் பின்வரிசையில் இருந்தான்; அவனிடம் ஒருவரும் எதுவும் கேட்கவில்லை. நூலகத்தை வார இறுதியில் பூட்டுகிற விடயம் வந்தபோது பாதிப் பேர் எழுந்து போய், கூட்டம் நடத்தத் தேவையான ஆட்களே இல்லாமற் போனது. ஒரு சங்கம் தன் கைக்கு எட்டிய வேலையைச் செய்ய வேண்டும், எல்லார் பெயராலும் பேசக் கூடாது என்ற எண்ணம் அன்றைக்கு வந்ததுதான். அதே எண்ணத்தை மற்றவர்களும் சொல்கிற இடத்தைத் தேடிப் போனபோது அங்கே கொன்சர்வேட்டிவ் அமைப்பு இருந்தது. அவர்கள் சொன்ன எல்லாவற்றிலும் அவளுக்கு உடன்பாடில்லை. குடிவரவு பற்றிப் பேச்சு வந்தால் சண்டை பிடிப்பாள்.

வெல்லுவாள் என்று ஒருவரும் நினைக்கவில்லை. முந்திய வருடம் அந்த அமைப்பின் சார்பில் நின்றவனுக்கு விழுந்த வோட்டு, ஏறக்குறைய நாலாயிரத்தில், இருநூற்றுப் பன்னிரண்டு. அமைப்பின் தலைவன் எட்மண்ட் அவளிடம் ஒளிக்காமல் சொன்னான்: பட்டியலில் எங்கள் பெயர் இருக்க வேண்டும் என்பதற்காகத்தான் நிற்கிறோம், நானூறு எடுத்தால் கொண்டாடலாம்.

உதவிக்கு வந்தவள் துஷ்யா. செவன் கிங்ஸ் பள்ளிக்கூடத்தில் ஒன்றாகப் படித்த நாளிலிருந்து டிலக்சனாவின் சிநேகிதி. அரசியலில் நேர் எதிர்ப் பக்கம். உன்னுடைய கட்சி எனக்குப் பிடிக்காது, உன்னைப் பிடிக்கும் என்று சொல்லிவிட்டு, துண்டுப் பிரசுரங்களை அவளே வடிவமைத்தாள்.

இருவரும் பெரிய கூட்டங்களுக்குப் போகவில்லை. சின்னச் சின்னக் குழுக்களைத் தேடிப் போனார்கள். பாடகர் குழு அறை கிடைக்காமல் மாடிப்படியில் நின்று பயிற்சி செய்துகொண்டிருந்தது. தாதிமைப் படிப்பு மாணவிகள் ஆஸ்பத்திரி ஷிப்ட் முடிந்து வரும்போது யூனியன் அலுவலகம் பூட்டியிருக்கும். மூன்று வருடத்தில் அதன் உள்ளே போகாதவர்கள் அவர்களில் பலர். டிலக்சனா எல்லாவற்றையும் கொப்பியில் எழுதினாள், இன்ன திகதிக்குள் இதைச் செய்வேன் என்று சொன்னாள், செய்ய முடியாததை முடியாது என்று சொன்னாள். இரண்டாம் கிழமை மாணவர் பத்திரிகை எடுத்த கருத்துக்கணிப்பில் அவள் இரண்டாம் இடத்தில் இருந்தாள். அதற்குப் பிறகு எட்மண்டும் தினமும் துண்டுப் பிரசுரம் கொடுக்க வரத் தொடங்கினான்.

அந்த நேரத்தில்தான் தமிழ் மாணவர் சங்கம் அவளைக் கூப்பிட்டது. முந்நூறுக்கு மேல் அங்கத்தவர்கள். சங்கத்தின் தலைவன் நிருஜன் பொறியியல் படிக்கிறவன், அமைதியானவன். பெரும்பாலும் ஆங்கிலத்தில்தான் பேசினான். உங்களுக்கே போடலாம் என்று எங்கள் பிள்ளைகள் நினைக்கிறார்கள், ஒரேயொரு விடயம்தான் கேட்க வேண்டும் என்றான். ஒவ்வொரு மே மாதமும் முள்ளிவாய்க்காலில் கொல்லப்பட்டவர்களை நினைவுகூர்ந்து யூனியன் ஒரு தீர்மானம் போடும். கொடி அரைக்கம்பத்தில் பறக்கும். அதற்காகத் தமிழ் மாணவர்கள் நாலு வருடம் போராடியிருந்தார்கள். டிலக்சனாவின் துண்டுப் பிரசுரத்தில் முதல் வாக்குறுதியே, வெளிவிவகாரங்களில் யூனியன் எல்லார் பெயராலும் தீர்மானம் போடுவதை நிறுத்துவேன் என்பதுதான். எங்களுடையதும் அதில் அடக்கமா என்று நிருஜன் கேட்டான்.

செவ்வாய்க்கிழமை வேட்பாளர் கூட்டம் இருக்கிறது, அங்கே சொல்கிறேன் என்று எழுந்து வந்துவிட்டாள்.

எட்மண்டுக்கு இது ஒரு பிரச்சினையாகவே படவில்லை. அதற்கு மட்டும் விதிவிலக்குக் கொடுத்துவிடு, உன்னுடைய ஆட்களுடைய விடயம்தானே, ஒருவரும் குறை சொல்ல மாட்டார்கள் என்றான். நல்லெண்ணத்தில்தான் சொன்னான். வீடு திரும்பும்போது ரயிலில் அந்த வார்த்தை அவளை உறுத்திக்கொண்டே வந்தது. உன்னுடைய ஆட்கள்.

யூட் சித்தப்பா, அப்பாவின் தம்பி, முள்ளிவாய்க்காலில் இறந்தவர். அப்போது அவளுக்கு ஐந்து வயது. அந்த வருடம் இரண்டு மாதத்துக்கு மேல் ஷிப்ட் முடிந்த கையோடு பாராளுமன்றச் சதுக்கத்தில் யுத்தத்தை நிறுத்தக் கேட்டு நடந்த போராட்டத்தில் போய் நின்றவர் பஸ்தியாம்பிள்ளை. சில நாட்கள் அவளையும் தோளில் வைத்துக் கொண்டுபோனார். மழைக்கோட்டு வாசமும் நிறையக் கால்களும் அவளுக்கு ஞாபகம் இருக்கின்றன. வீட்டில் யூட்டின் படம் இருக்கிறது. யூட்டைப் பற்றிய பேச்சு இல்லை.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து, தேவாலயத்தின் பங்கு மண்டபத்தில் தேநீர் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். அன்று கோப்பை கழுவுகிற முறை பஸ்தியாம்பிள்ளைக்கு. அவள் துணி எடுத்துத் துடைத்துக் கொடுத்தாள். நிருஜன் கேட்டதைச் சொன்னாள். என்ன செய்ய என்று கேட்டாள்.

அவர் தண்ணீர்க்குழாயைப் பூட்டினார்.

"அந்தக் கடைசிக் கிழமை உன்ரை சித்தப்பாவிட்டை இருந்து ஒரு சேதியும் இல்லை. சதுக்கத்திலை நிக்கிறம். பெரிய ஆக்கள் ஒருத்தரும் வெளியிலை வரேல்லை. அப்ப நாலைஞ்சு வெள்ளைக்காரப் பிள்ளையள் வந்து, தங்கடை யூனியனிலை தீர்மானம் போட்டிருக்கினம் எண்டு ஒரு கடதாசி தந்தவை. அது ஒண்டுக்கும் உதவாது எண்டு எனக்கு அப்பவே தெரியும். ஆனால் அண்டைக்கு எங்கடை பக்கம் வந்து நிண்டது அந்தக் கடதாசி ஒண்டுதான்."

அவள் அடுத்த கோப்பையை எடுத்துத் துடைத்தாள். அப்போ அந்தத் தீர்மானத்தை வைத்திருக்கச் சொல்கிறீர்களா என்று கேட்டாள்.

"நான் ஒண்டும் சொல்லேல்லை. நீ கேட்டாய், நடந்ததைச் சொன்னன்."

மறுபடி குழாயைத் திறந்தார்.

செவ்வாய்க்கிழமை விரிவுரை மண்டபம் நிறைந்திருந்தது. வேட்பாளர்கள் நாலு பேர். கேள்வி நேரத்தில் நிருஜன் எழுந்து, அதே கேள்வியை அதே மரியாதையோடு கேட்டான். டிலக்சனா மேசையில் வைத்திருந்த குறிப்பைப் பார்க்கவில்லை. தன் சித்தப்பாவின் பெயரைச் சொன்னாள். எந்த இடத்தில், எந்த மாதம் இறந்தார் என்று சொன்னாள். என்னுடைய வீட்டுச் சாவுக்கு மட்டும் ஒரு விதிவிலக்கு வைத்துக்கொண்டு, சூடானிலிருந்து வந்தவனுக்கும் பலஸ்தீனத்திலிருந்து வந்தவளுக்கும் இல்லை என்று சொல்ல எனக்கு முகம் இல்லை என்றாள். ஆகவே அந்தத் தீர்மானத்தை நான் கொண்டுவர மாட்டேன். எந்தக் குழு எவரை நினைவுகூர விரும்பினாலும் மண்டபம் கிடைக்கும். நேரம் கேட்டால் நேரம் கிடைக்கும். கூப்பிட்டால் நான் வந்து நிற்பேன். அதைத் தங்கள் பெயரில் செய்யட்டும், அதை வாசித்தே இராத பத்தாயிரம் மாணவர்களின் பெயரில் வேண்டாம் என்று முடித்தாள்.

ஒரு பக்கத்தில் கொஞ்சம் கைதட்டல். பின்வரிசையில் கூச்சல். நிருஜன் நன்றி சொல்லிவிட்டு உட்கார்ந்தான். எட்மண்ட் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

அன்று பின்னேரமே ஒரு வீடியோ சுற்றத் தொடங்கியது. "அந்தத் தீர்மானத்தை நான் கொண்டுவர மாட்டேன்" என்கிற துண்டு மட்டும், பதினொரு விநாடி. சித்தப்பாவின் பெயர் அதில் இல்லை. மரியமலரின் போனுக்கு அது விம்பிள்டனில் இருக்கிற உறவினர் மூலம் வந்தது. பிறகு தேவாலயப் பங்கு ஆட்களிடம் இருந்து, பிறகு கனடாவில் இருந்து. பிள்ளையை இப்படியா வளர்த்தீர்கள் என்று ஒருவர் குரல்பதிவு அனுப்பியிருந்தார். மரியமலர் அழுதாள். முழுப் பேச்சையும் துஷ்யா போட்டாள்; அதைப் பார்த்தவர்கள் கொஞ்சப் பேர்தான். பஸ்தியாம்பிள்ளை இரண்டு நாள் மகளோடு பேசவில்லை. பேசாமல் இருந்தது கோபத்தாலா வேறு எதனாலா என்று அவளுக்கு விளங்கவில்லை. டிப்போவில் ஒரு தமிழ்ச் சாரதி அந்த வீடியோவைக் காட்டிச் சிரித்ததாகவும், அவர் அவனிடம் போனை வாங்கி முழுப் பேச்சையும் தேடி எடுத்து, முதலில் இதைப் பார் என்று கொடுத்ததாகவும் பிறகுதான் தெரிய வந்தது.

வோட்டு மூன்று நாள் நடந்தது. வெள்ளிக்கிழமை முடிவு சொன்னார்கள். டிலக்சனாவுக்கு ஆயிரத்து நூற்று எட்டு. வென்ற பெண்ணுக்கு ஆயிரத்து நானூறு. தமிழ்ச் சங்கம் பெரும்பாலும், மே மாதத் தீர்மானம் தொடரும் என்று சொல்லியிருந்த அந்தப் பெண்ணுக்கே போட்டிருந்தது. அவர்கள் மாறிப் போட்டிருந்தால் இவள் வென்றிருப்பாள். இருநூற்றுப் பன்னிரண்டிலிருந்து இவ்வளவா என்று எட்மண்ட் அவளைக் கட்டிப்பிடித்தான். அவள் வென்றவளுக்குக் கைகொடுத்து, தன் கொப்பியை அவளிடமே கொடுத்தாள். பாடகர் குழுவுக்கு அறையும் தாதிமை மாணவிகளுக்கு அலுவலக நேரமும் அதில் இருக்கின்றன, செய்தால் நல்லது என்றாள். கழிப்பறையில் போய்க் கொஞ்ச நேரம் அழுதாள். துஷ்யா கதவுக்கு வெளியே நின்றாள்.

மே மாதம் புதிய தலைவி சொன்ன சொல் தவறாமல் தீர்மானத்தை நிறைவேற்றினாள். எட்டு நிமிடத்தில் முடிந்தது. எல்லா மாணவர்களுக்கும் அது மின்னஞ்சலில் வந்தபோது டிலக்சனா வாசித்தாள். போன வருடத்துத் தீர்மானத்தை அப்படியே எடுத்து ஒட்டியிருந்தார்கள். எத்தனையாவது ஆண்டு என்பதைக்கூட மாற்றவில்லை. நான் சொன்னது இதைத்தானே என்று முதலில் தோன்றியது. அதில் சந்தோஷப்பட ஒன்றும் இருக்கவில்லை.

அடுத்த நாள் நிருஜன் போன் எடுத்தான். நினைவுகூரலுக்கு மண்டபம் கிடைக்கவில்லை, பரீட்சைக்கு எடுத்துவிட்டார்கள், பாடகர் குழுவோடு உங்களுக்குப் பழக்கம் அல்லவா என்று தயங்கித் தயங்கிக் கேட்டான். பாடகர் குழுவுக்கு அப்போது இசைத் துறையில் ஓர் அறை கிடைத்திருந்தது. டிலக்சனா ஒரு மணித்தியாலத்தில் அதை ஒழுங்கு செய்தாள். முள்ளிவாய்க்காலில் அந்தக் கடைசி நாட்களில் சனம் குடித்தது போல, மரியமலர் பெரிய பானையில் உப்புக் கஞ்சி காய்ச்சினாள். பஸ்தியாம்பிள்ளை லீவு போட்டுக் காரில் கொண்டுவந்து இறக்கினார். மகளின் பல்கலைக்கழகத்துக்குள் அவர் கால் வைத்தது அன்றைக்குத்தான்.

எழுபது பேர் வந்திருந்தார்கள். விளக்கேற்றி, கஞ்சி குடித்து முடிந்த பிறகு, றொஷானி என்ற முதலாம் வருட மாணவி நிருஜனிடம் வந்து நன்றி சொன்னாள். அந்த மின்னஞ்சலை அச்செடுத்துத் தன் தாயிடம் கொடுத்தாளாம். தாய்க்கு ஆங்கிலம் வாசிக்கத் தெரியாது. முள்ளிவாய்க்கால் என்று மகள் காட்டிய சொல்லையும் பல்கலைக்கழக முத்திரையையும் விரலால் தொட்டுப் பார்த்துக்கொண்டே இருந்தாராம். பக்கத்தில் கோப்பை அடுக்கிக்கொண்டிருந்த டிலக்சனாவுக்கு அது ஒவ்வொரு சொல்லாகக் கேட்டது. ஆண்டு பிழை என்று அந்தத் தாய்க்கு யார் போய்ச் சொல்வது.

திரும்பி வரும்போது காரில் டிலக்சனா தகப்பனுக்குப் பக்கத்தில் இருந்தாள்.

"நான் சொன்னது பிழையோ, அப்பா?"

"தெரியாது, பிள்ளை." சிவப்பு விளக்கில் நிறுத்தினார். "நான் உங்கை படிச்சிருந்தால் உனக்குப் போட்டிருக்க மாட்டன்."

அவளுக்குச் சிரிப்பு வந்தது.

"ஆனால் மேடையிலை நீ மாத்திச் சொல்லியிருந்தால், இனி வீட்டிலை நீ என்ன சொன்னாலும், இதை ஆருக்காகச் சொல்லுறாள் எண்டு நான் யோசிச்சிருப்பன்."

பச்சை விழுந்தது. கார் நகர்ந்த பிறகு, யூட் சித்தப்பா எப்படிப்பட்டவர் என்று அவள் கேட்டாள். இதுவரை கேட்டதில்லை. மீன்பிடிக் கிராமமான பேசாலையில் பிறந்துவிட்டுக் கடலுக்குப் பயந்த ஒரே ஆள் அவன்தான் என்று தொடங்கினார். வள்ளத்தில் ஏறினால் சத்தி எடுப்பானாம். கரையில் நின்றே மற்றவர்களுக்கு நீந்தச் சொல்லிக் கொடுப்பானாம். சொல்லச் சொல்ல இன்னும் ஞாபகம் வந்தது. வீட்டு வாசலில் காரை நிறுத்திய பிறகும் அவர் இறங்கவில்லை. பின் இருக்கையில் வெறும் பானையைப் பிடித்துக்கொண்டு மரியமலரும் கேட்டுக்கொண்டிருந்தாள்.