உப்புத்தண்ணீரில் கரைத்த பிளாட்டினம்

ஓர் ஆராய்ச்சியை நல்லடக்கம் செய்வதென்றால் துறைத் தலைவருக்குத் தனி உற்சாகம். கூட்டத்தில் தொண்டையைச் செருமிக்கொண்டு எழுந்தார்.

"புற்றுநோய்க்குப் பழைய பிளாட்டினம் மருந்தே போதும். இந்தப் புதுச் சேர்மம் மோதிரத்துக்குக்கூட லாயக்கில்லை. அடுத்த வாரம் மூடிவிடுவோம்."

சேர்மத்தைச் செய்தவள் மனைவி. மாடி ஆய்வகத்தில் அதைப் புற்றுச்செல்கள் மேல் ஊற்றிப் பார்த்து, "ஒண்ணும் சாகலை" என்று அறிக்கை கொடுத்தவன் கணவன். அவள் முகத்தைப் பார்க்கத் தெம்பில்லாமல் மாடிப்படியில் பின்னாலேயே போனான்.

"என்னங்க, எதுல கரைச்சீங்க?"

"எப்பவும் போல டி.எம்.எஸ்.ஓ.லதான். எதைப் போட்டாலும் கரைக்குமே, தங்கமான திரவம்!"

அவள் படியிலேயே உட்கார்ந்து சிரித்தாள். "கெட்டுது போங்க! அதுல இருக்கிற கந்தகத்தைக் கண்டா பிளாட்டினம் ஒட்டிக்கும். செல்லுக்குள்ள போறதுக்கு முன்னாடியே அதோட சோலி முடிஞ்சிரும்."

"அப்போ கொன்னது நான்தானா?"

"செல்லைத் தவிர எல்லாத்தையும் கொன்னிருக்கீங்க, சாமி."

பிறகு விளக்கினாள். பிளாட்டினத்தின் பக்கத்தில் இரண்டு குளோரின்கள். ரத்தத்தில் உப்பு அதிகம் என்பதால் அவை இடத்தை விட்டு நகராது. செல்லுக்குள் உப்பு குறைவு, அங்கே கழன்றுவிடும். காலியான இடத்தால் பிளாட்டினம் டி.என்.ஏ.வைக் கவ்விப்பிடிக்கும். பிடித்தால் செல் பெருக முடியாது.

அவனுக்குப் புல்லரித்தது. பத்து வருஷமாக ஒரே வீட்டில் இருக்கிறான்; வாசல் தெரிந்து கதவைத் திறக்கும் ஒரு பொருளை இவள் செய்துகொண்டிருந்தது இப்போதுதான் உறைத்தது.

அன்றே புதிதாக உப்புத்தண்ணீரில் கரைத்தார்கள். கரைவதற்கு அது ஏகப்பட்ட பிகு பண்ணியது. மூன்றாம் நாள் நுண்ணோக்கியில் கண் வைத்தவன் நெடுநேரம் எடுக்கவில்லை. வெறும் உப்புத்தண்ணீர் வாங்கிய செல்கள் கும்மாளம் போட்டன. சேர்மம் கரைந்த மஞ்சள் கரைசல் வாங்கியவை சுருண்டு மிதந்தன.

"ஏம்மா, வந்து பாரேன்!"

அவள் பார்த்தாள். "இன்னொரு தடவை செய்யுங்க" என்றாள்.

மறுதடவையும் அதே கதைதான். அடுத்த வாரக் கூட்டத்தில் தலைவர் கூசாமல் எழுந்தார். "நான் அன்றைக்கே சொன்னேன், புற்றுநோயை நாம் வென்றுவிட்டோம்!"

"தட்டுல இருக்கிற செல்தான் செத்திருக்கு, சார்," என்றாள் அவள். "எலி பாக்கி, மனுஷன் பாக்கி. மூடாம இருந்தீங்கன்னா போதும்."

மூடவில்லை. கணவன் மாடிக்குப் போய், அந்தத் தங்கமான திரவத்தின் புட்டியில் கொட்டை எழுத்தில் எழுதி ஒட்டினான்: 'பிளாட்டினத்தைக் கொண்டுவராதே. வீட்டில் திட்டுவாங்க.'